இன்று யாருக்காக ஓட்டுகிறோம்? – சைக்கிள் பந்தயம் பற்றிய வாசகர் கேள்விகள்

சாலைப் பந்தயத்திலும் மலைச் சைக்கிள் பந்தயத்திலும் ஒரே பருவத்தில் இறங்கும் அமெச்சூர் அணிகளிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாமல், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்து, வார இறுதியில் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களின் கேள்விகள் இவை. அப்படிப்பட்ட ஓர் அணியில் பல ஆண்டுகள் ஓட்டியும், பின்னர் அதன் பொறுப்பாளராக இருந்தும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அணியில் 11 பேர் இருக்கிறோம். சாலை, மலை ஆகிய இரண்டு வகைப் பந்தயங்களுக்கும் பெயர் கொடுக்கிறோம். ஆனால் பருவம் பாதி முடிவதற்குள் எல்லோரும் களைத்துவிடுகிறோம். எத்தனை பந்தயங்களில் கலந்துகொள்வது சரி? (அணிப் பொறுப்பாளர் ஒருவர்)

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த அட்டவணையில் 22 வாரங்களுக்கு 19 பந்தயங்கள் இருந்தன. அந்த எண்ணிக்கையைக் காட்டிலும், 19 பந்தயங்களுக்கும் ஒரே அளவு முக்கியத்துவம் கொடுத்திருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. வேலை பார்த்துக்கொண்டு ஓட்டும் ஒருவரின் உடல் ஒரு பருவத்தில் இரண்டு முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை உச்சநிலைக்கு வரும். அந்த இரண்டு மூன்று பந்தயங்கள் எவை என்பதை ஒவ்வொருவரும் பருவம் தொடங்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றில் சிலவற்றை அணிக்காகவும், சிலவற்றை வெறும் பயிற்சியாகவும் ஓட்டலாம். மீதமுள்ளவற்றுக்குப் போகாமலே இருக்கலாம்.

முக்கியமான பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சியின் மொத்த நேரத்தை ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம்வரை குறைத்து, வேகப் பயிற்சிகளின் கடுமையை மட்டும் குறைக்காமல் வைத்திருப்பது பலனளிக்கும் முறையாகும். பயிற்சியைக் குறைத்தால் பலம் போய்விடும் என்று பயந்து, பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு, கனத்த கால்களோடு தொடக்கக் கோட்டுக்கு வருகிறவர்கள்தான் அமெச்சூர் அணிகளில் அதிகம்.

இரண்டு வகைப் பந்தயங்களையும் மாற்றி மாற்றி வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாலையில் சேர்த்த தாக்குப்பிடிக்கும் சக்தி மலைத் தடத்துக்கு அப்படியே உதவும். ஆனால் கல்லிலும் வேரிலும் சைக்கிளை நடத்தும் கைப்பழக்கம், சில வாரங்கள் தடத்தின் பக்கம் போகாவிட்டால் மங்கிவிடும். சாலைப் பந்தயங்கள் நடக்கும் மாதங்களிலும் வாரத்தில் ஒரு நாளாவது மலைச் சைக்கிளை எடுத்துவிடுங்கள். வேகமாக ஓட்ட வேண்டிய அவசியமில்லை. வளைவும் இறக்கமும் கைக்கு மறக்காமல் இருந்தால் போதும். மலைப் பந்தயத்துக்குப் பிறகு கால்களைவிடத் தோள், முன்கை, இடுப்பு ஆகியவைதான் தாமதமாகத் தேறும் என்பதையும் அட்டவணை போடும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: தொடர்ந்து மூன்று சாலைப் பந்தயங்களில் அணித் தோழர் ஒருவருக்காக எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் ஓட்டினேன். மூன்றிலும் அவர் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். நான் 40-ஆவது இடத்துக்குக் கீழே. என் உழைப்பு யாருக்கும் தெரியவில்லை. நான் ஏமாளியா? (இரண்டாவது பருவம் ஓட்டும் வீரர்)

பதில்: இல்லை. ஆனால் உங்கள் அணி உங்களுக்குச் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்று தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமதளச் சாலையில் வேகமாகப் போகும் சைக்கிள் வீரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை வெல்ல ஒவ்வொரு நொடியும் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் அந்தச் செலவில் கால் பங்குக்கும் மேல் மிச்சமாகிறது. 121 வீரர்கள் கொண்ட பெருங்கூட்டத்தைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் சோதித்து 2018-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, கூட்டத்தின் நடுப்பகுதியில் மறைந்து ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுபவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று கண்டது. ஆகவே நீங்கள் முன்னால் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் தோழரின் கால்களில் சேமிப்பாகச் சேர்ந்திருக்கிறது. கடைசி 200 மீட்டரில் அவர் எடுத்த வேகத்தில் உங்கள் பங்கு இருந்தது என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று, கணக்கு.

இப்படி உழைப்பவரைக் குறிக்க சைக்கிள் உலகம் பயன்படுத்தும் ‘டொமெஸ்டீக்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வீட்டு வேலையாள் என்று பொருள். 1911-ஆம் ஆண்டு, பிரான்ஸில் பல நாட்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தில் மோரிஸ் புரோக்கோ என்ற வீரர் காசுக்காக மற்றவர்களுக்கு உதவினார் என்று கோபப்பட்ட அமைப்பாளர் ஆன்ரி டெக்ராஞ்ச், அவரை இழிவுபடுத்தவே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வசையாகப் பிறந்த அந்தப் பெயர் இன்று மரியாதைக்குரிய ஒரு பொறுப்பின் பெயராகிவிட்டது. ஆனால் தொழில்முறை அணியில் அந்தப் பொறுப்புக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, வெற்றி பெற்றவர் பரிசுப் பணத்தைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அமெச்சூர் அணியில் இவை எதுவும் இல்லை. அங்கே ஒருவரின் தியாகம் வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில் வராது.

எங்கள் அணியின் முதல் பருவத்தில் இந்தத் தவறை நாங்களே செய்தோம். பக்கக்காற்று பலமாக வீசிய ஒரு பந்தயத்தில், நாங்கள் ஆறு பேரும் சாலையின் குறுக்கே சாய்வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தோம். அத்தகைய காற்றில் நேர் பின்னால் மறைவு கிடைக்காது. முன்னால் செல்பவரின் பக்கவாட்டில், காற்று வராத பக்கமாகச் சற்றுத் தள்ளி, அவருடைய பின்சக்கரத்துக்கு இணையாக உங்கள் முன்சக்கரம் வரும்படி ஓட்ட வேண்டும். சாலையின் அகலம் தீர்ந்ததும் வரிசையில் இடமும் தீர்ந்துவிடும்; இடம் கிடைக்காதவர் சாலையோரத்தில் தனியாகக் காற்றில் மாட்டிக்கொள்வார். அன்று எங்களில் ஒருவர், தனக்குரிய இடத்தை எங்கள் ஸ்பிரிண்டருக்கு (கடைசி சில நூறு மீட்டர் பாய்ச்சலில் வல்லவருக்கு) விட்டுக்கொடுத்துவிட்டு அந்த ஓரத்துக்குத் தானே போனார். குனிந்த தலையோடு, உதட்டோரம் உப்புப் படிந்து, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அங்கேயே தாக்குப்பிடித்துவிட்டு, பின்னர் கூட்டத்திலிருந்து கழன்றார். ஸ்பிரிண்டர் மூன்றாவதாக வந்தார். மேடையில் படம் எடுத்தார்கள், நாங்கள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். கழன்றவர் வந்து சேர்ந்தபோது சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். பந்தயத்துக்கு முந்தைய இரவு, ‘இன்று யாருக்காக ஓட்டுகிறோம்’ என்ற கேள்விக்கு எல்லோர் முன்னிலையிலும் விடை எழுதப்படும். பந்தயம் முடிந்த அன்றே, யார் எந்தக் கிலோமீட்டரில் என்ன செய்தார் என்பதும் எழுதப்படும். ‘32-இல் பிரிந்து சென்றவர்களைத் துரத்திப் பிடித்தார்’, ‘பங்சர் ஆனவருக்குத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார்’, ‘ஏற்றத்துக்கு முன் முன்வரிசைக்கு அழைத்துச் சென்றார்’ என்று ஓரிரு வரிகள் போதும். ஒருவர் மூன்று பந்தயங்களில் பிறருக்காக உழைத்திருந்தால், அவர் தேர்ந்தெடுக்கும் அடுத்த பந்தயத்தில் மற்றவர்கள் அவருக்காக ஓட்ட வேண்டும் என்பதே எங்கள் ஒப்பந்தம். பரிசுப் பணம் வந்தால், அன்று தொடக்கக் கோட்டில் நின்ற எல்லோருக்கும் சமமாகப் பிரிப்போம்.

உங்கள் அணியின் அடுத்த கூட்டத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது சுயநலமாகாது.

கேள்வி: எங்கள் சைக்கிள்கள் விலை குறைந்தவை, எடை கூடியவை. எடை குறைப்பதில் பணம் போடலாமா?

பதில்: வேண்டாம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சாலைப் பந்தயச் சைக்கிளுக்கு 6.8 கிலோ என்ற கீழ்வரம்பை 2000-ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கிறது. உலகின் தலைசிறந்த வீரர்களும் அதற்குக் கீழே போக முடியாது. சைக்கிளில் ஒரு கிலோ குறைப்பது நீண்ட ஏற்றத்தில் மட்டுமே ஓரளவு தெரியும். அந்தப் பணத்தை முதலில் நல்ல டயருக்கும், பிறகு செயினுக்கும் பிரேக் பேடுக்கும் செலவழியுங்கள். செயின் நீட்சியை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவைத்து, 0.5 சதவீதத்தைத் தாண்டியதும் செயினை மாற்றிவிட்டால், விலை கூடிய பல்சக்கரங்கள் பல பருவங்களுக்கு உழைக்கும்.

கேள்வி: சாலைப் பந்தயத்தில் அணியாக ஓட்டுவது புரிகிறது. மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தானே போகிறார்கள்? அங்கே அணிக்கு என்ன வேலை? (கல்லூரி மாணவி)

பதில்: அருமையான கேள்வி. தடத்தின் உள்ளே பார்த்தால் நீங்கள் சொல்வது ஏறக்குறைய உண்மைதான். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்று மறைவின் பலன் சுருங்கிவிடுகிறது, ஒற்றைத் தடத்தில் பக்கம் பக்கமாக ஓட்ட இடமும் இல்லை. அங்கே அணியின் வேலை தடத்துக்கு வெளியே நடக்கிறது.

ஒரு வரலாற்றுச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். 1913-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸில், டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது யூஜின் கிறிஸ்டோஃப் என்பவரின் சைக்கிளின் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) உடைந்தது. வெளியார் உதவி பெறக் கூடாது என்பது அன்றைய விதி. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். அப்போது துருத்தியை ஊதிக்கொடுத்தது ஒரு சிறுவன் என்பதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது. சாலைப் பந்தயம் பின்னாளில் இந்தக் கடுமையைத் தளர்த்திவிட்டது. இப்போது அணியின் கார் பின்னாலேயே வந்து சக்கரத்தை மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் மலைச் சைக்கிள் பந்தயம் அந்தப் பழைய உணர்வைப் பெருமளவு காப்பாற்றி வருகிறது. குறுக்குநாட்டுச் சுற்றுப் பந்தயத்தில், குறிக்கப்பட்ட உதவி மண்டலத்தில் மட்டுமே வெளியாரிடமிருந்து தண்ணீரோ சக்கரமோ பெறலாம். வேறெங்கு பங்சர் ஆனாலும் வீரர் தானே சரிசெய்ய வேண்டும், அல்லது மண்டலம்வரை உருட்டிக்கொண்டோ சுமந்துகொண்டோ வர வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கு முன்சக்கரம் பங்சர் ஆனது நினைவிருக்கலாம். சக்கரம் மாற்றுவதற்காக நின்று, அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி, பிறகு ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசிச் சுற்றில் விக்டர் கொரெட்ஸ்கியையும் முந்தித் தங்கம் வென்றார். அந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் அவருடைய கால்களைப் பாராட்டுகிறார்கள். நான் அதைப் பார்த்தபோது, சக்கரத்தோடு மண்டலத்தில் காத்து நின்றவர்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அணியிலும் உதவி மண்டலத்தில் நிற்பவர் ஒரு வீரருக்கு நிகரானவர். தண்ணீர் பாட்டிலை நீட்டுவதைக்கூடப் பழகித்தான் செய்ய வேண்டும். நான் முதன்முதலில் நின்றபோது பாட்டிலின் நடுப்பகுதியை உள்ளங்கையால் இறுகப் பற்றியிருந்தேன். வந்தவருடைய விரல்கள் என் விரல்களின் மேல் மோதின, பாட்டில் தெறித்துப் புதருக்குள் உருண்டது, வெயிலில் ஒரு முழுச் சுற்றை அவர் தண்ணீரில்லாமல் ஓட்டினார். பாட்டிலின் கழுத்தைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் மட்டும் லேசாகப் பிடித்து, அதன் மற்ற பகுதி முழுவதும் கைபடாமல் தொங்கும்படி கையை நீட்டிக் கொடுக்க வேண்டும். அவர் இழுத்த கணத்தில் விரல்கள் தாமாகவே விடுபடும்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் தடத்தை அணியாக நடந்து பார்ப்பதும் கூட்டு வேலைதான். கடினமான இறக்கத்தில் ஒருவர் கீழே நின்று பார்க்க, மற்றவர்கள் வெவ்வேறு வழிகளில் இறங்கிக் காட்டினால், எந்த வேருக்கு இடப்புறம் போனால் சக்கரம் வழுக்காது என்பது அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனியாக வந்தவர் அதை விழுந்துதான் கற்றுக்கொள்வார். தொடக்க வேகமும் இங்கே பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயமாகும். ஒற்றைத் தடத்தின் வாய்க்கு முன்னதாகப் போய்ச் சேராதவர் அடுத்த பல நிமிடங்கள் பிறர் வேகத்திலேயே ஓட்ட நேரும்.

இரண்டு உலகங்களும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஆஸ்திரேலிய வீரர் கேடல் எவன்ஸ் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் மலைச் சைக்கிள் உலகக் கோப்பையை வென்ற பிறகே சாலைக்கு வந்து, 2011-இல் டூர் டி பிரான்ஸையும் வென்றார். பிரெஞ்சு வீராங்கனை பாலின் ஃபெரான்-பிரெவோ 2015-இல் சாலை, சைக்ளோகிராஸ் (சேறும் தடைகளும் நிறைந்த சுற்றுத் தடத்தில் ஓட்டுவது), மலைச் சைக்கிள் ஆகிய மூன்றிலும் ஒரே சமயத்தில் உலக சாம்பியனாக இருந்தார். பிறகு 2024-இல் மலைச் சைக்கிளில் ஒலிம்பிக் தங்கத்தையும், அடுத்த ஆண்டே பெண்களுக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றார்.

கேள்வி: பந்தயத்தில் எவ்வளவு சாப்பிட வேண்டும்? இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்குத் திடீரென்று எல்லாம் வடிந்துவிடுகிறது.

பதில்: நீங்கள் பசி வந்த பிறகு சாப்பிடுகிறீர்கள், அப்போது நேரம் கடந்திருக்கும். முதல் 20 நிமிடங்களிலேயே தொடங்கி, மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸோடு ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் குடல் இரண்டையும் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சும் என்பதால், பழகியவர்கள் 90 கிராம்வரை போகலாம். பழகியவர்கள் என்பதைக் கவனியுங்கள். குடலுக்கும் பயிற்சி தேவை. பந்தய நாளில் புதிதாக எதையும் முயலாதீர்கள். குலுங்கும் மலைத் தடத்தில் மெல்லுவதற்கு நேரம் கிடைக்காது என்பதால் அங்கே பெரும்பகுதியைக் கரைசலாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கடந்த மாதம் எங்கள் வீரர் ஒருவர் இறக்கத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். ஹெல்மெட்டில் விரிசல். ஆனாலும் “ஒன்றுமில்லை” என்று சொல்லி மீண்டும் ஏறி ஓட்டி முடித்தார். எல்லோரும் அவரது மனவுறுதியைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்துகிறது. (அணித் தலைவி)

பதில்: உங்கள் உறுத்தல் முற்றிலும் நியாயமானது. அவரை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை அடிபட்டவரிடமே விடக் கூடாது, ஏனென்றால் அடிபட்டது முடிவெடுக்கும் உறுப்பில்தான். 2003 பாரிஸ்–நீஸ் சாலைப் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து உயிரிழந்த பிறகுதான் தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது.

தலையில் அடி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைய பந்தயம் அவருக்கு முடிந்தது என்பதை அணியின் விதியாக எழுதிவையுங்கள். இது எத்தனையாவது சுற்று, எங்கே விழுந்தோம், காலையில் யாரோடு வந்தோம் என்று கேட்டுப் பாருங்கள். சரியாகப் பதில் சொன்னாலும் அவரை மீண்டும் ஏற விடாதீர்கள், அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், வண்டியும் ஓட்ட விட வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் விழிக்கச் சிரமப்பட்டாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே அவர் பயிற்சிக்குத் திரும்பலாம். விரிசல் விட்ட ஹெல்மெட்டை வேறு யாரும் எடுத்து அணியாதபடி வெட்டி எறிந்துவிடுங்கள். உங்கள் வீரரை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மலைத் தடத்தில் டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

பதில்: நீங்கள் வைப்பதைவிடக் குறைவாக. டியூப்லெஸ் மலைச் சைக்கிள் டயருக்கு உடல் எடையைப் பொறுத்து 18 முதல் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) என்ற வரம்புக்குள் தொடங்கி, ரிம் கல்லில் இடிக்கும் ஓசை கேட்கும்வரை ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாகக் குறைத்து, பிறகு இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலண்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். பருவத்தின் நடுவில் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது. சென்ற ஆண்டுதான் அணியில் சேர்ந்தேன். சாலையில் முதல் சில வளைவுகளிலேயே கூட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறேன். மலைப் பந்தயத்தில் என்னைப் பாதியில் வெளியேற்றிவிடுகிறார்கள். அணிக்குப் பாரமாக இருக்கிறேனோ என்று தோன்றுகிறது. (வாசகி ஒருவர்)

பதில்: முதலில் சாலையைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்றத்தில் இல்லாமல் வளைவுகளில் கழல்கிறீர்கள் என்று எழுதியிருப்பதிலிருந்து, உங்கள் குறை பலத்தில் இல்லை, கூட்டத்தில் நீங்கள் ஓட்டும் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெருங்கூட்டம் ஒரு வளைவில் நுழையும்போது முன்னால் இருப்பவர்கள் வேகத்தைச் சற்றே குறைத்து எளிதாகத் திரும்பிவிடுவார்கள். அந்தச் சிறு தயக்கம் பின்னால் போகப்போகப் பெருகி, கடைசி வரிசைக்கு வரும்போது எல்லோரும் பிரேக்கை அழுத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறார்கள். அதற்குள் முன்வரிசை வேகமெடுத்திருக்கும். கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் ஸ்பிரிண்ட் எடுத்தால்தான் ஒட்டிக்கொள்ள முடியும். அதாவது, கூட்டத்திலேயே அதிகம் உழைப்பவர்களில் நீங்களும் ஒருவர். தயக்கத்தால் பின்னால் நின்றுகொள்ளும் புதியவர்கள் எல்லோருக்கும் இது நேர்கிறது. அணியில் அனுபவமுள்ள ஒருவரைக் கேட்டு, தொடக்கத்திலிருந்தே கூட்டத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பகுதிக்குள் அவருடைய பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் நான்கு பேராகச் சேர்ந்து ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பழகுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, பார்வையை முன்னவரின் டயரில் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வைக்க வேண்டும்.

மலைப் பந்தயத்தில் உங்களை வெளியேற்றுவது, முதலில் செல்பவரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கியவர்களை நிறுத்தும் விதியாக இருக்கலாம். குறுகிய தடத்தில் முன்னணியினர் பின்னாலிருந்து வந்து இடிக்காமல் இருக்கவும், எல்லோரும் முன்னவர் இருக்கும் அதே சுற்றிலேயே பந்தயத்தை முடிக்கவும் அந்த விதி வைக்கப்பட்டுள்ளது. முன்னவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், அவருக்கும் உங்களுக்கும் இடையிலான நேர இடைவெளி 12 நிமிடத்தைத் தொடும்போது உங்களை ஓரமாகப் போகச் சொல்வார்கள். ஆகவே உங்கள் இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் இரண்டு சுற்றுகளுக்குப் பிறகு நிறுத்தினார்கள் என்றால், அடுத்த பந்தயத்தில் மூன்றாவது சுற்றுக்குள் நுழைவதே உங்கள் பந்தயம்.

1903-ஆம் ஆண்டின் முதல் டூர் டி பிரான்ஸில் புறப்பட்ட 60 பேரில் 21 பேர் மட்டுமே பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். பந்தயத்தில் கடைசியாக வருபவரை ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கின் பெயரால் அழைப்பது அந்தப் பந்தயத்தின் நீண்ட கால வழக்கம். அந்த விளக்கு கண்ணில் பட்டால்தான் ரயிலின் எந்தப் பெட்டியும் வழியில் கழன்றுவிடவில்லை என்று நிலையத்தில் இருப்பவர் அறிந்துகொள்வார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 80 சதவீத விதியால் நிறுத்தப்பட்டவர் பந்தயத்தைக் கைவிட்டவராகக் கருதப்படுவதில்லை. எத்தனை சுற்று குறைவு என்ற குறிப்போடு, நிறுத்தப்பட்ட வரிசைப்படி அவருக்கும் ஓர் இடம் கொடுக்கப்படுகிறது. சென்ற பந்தயத்தின் முடிவுப் பட்டியலை மேலிருந்து பாதிவரை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தால், மறுபடி திறந்து கடைசி வரிவரை வாசியுங்கள்.